வேலைக்குப் போக ஒரு சைக்கிள்: பழையதை வாங்குவதா, பாகம் சேர்த்துப் பூட்டுவதா?

குடியிருப்பு ஓரிடத்தில், தொழில் வேறோரிடத்தில். இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் பலவற்றின் நாளாந்தக் கஷ்டம் இதுதான். குத்தகைக்கு எடுத்த தோட்டம், கூலிக்கு வெங்காயம் கிண்டப் போகும் காணி, சந்தை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் தொலைவிலேயே இருக்கின்றன.

எட்டுக் கிலோமீற்றர் தூரத்தில் வேலை என்று வைத்துக்கொள்வோம். நடந்து போய்வர மூன்று மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். சைக்கிளில் ஆறுதலாக மிதித்தாலும் ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம் போதும். மிச்சமாகும் நேரத்தில் வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கலாம், கோழிகளைப் பார்க்கலாம், பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்கலாம்.

சைக்கிள் எமக்குப் புதிதல்ல. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் எரிபொருள் கிடைக்காத யாழ்ப்பாணத்தில் நோயாளியையும் நெல் மூட்டையையும் சுமந்தது சைக்கிள்தான். பற்றரிக்குத் தட்டுப்பாடான அந்த நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றியே பலர் வானொலி கேட்டார்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட மக்களின் உடைமைகளும் பெரும்பாலும் சைக்கிள் கரியரிலேயே வந்தன. 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோதும் சைக்கிளுக்கே திரும்பினோம்.

இவ்வளவு பழகியும் வாங்கும்போது ஏமாறுகிறோம். அதை எமது சொந்த அனுபவத்திலேயே கண்டோம். ஒருமுறை குடும்பங்களுக்குக் கொடுப்பதற்காக ஒரு வியாபாரியிடம் பழைய சைக்கிள்கள் சில வாங்கினோம். புதுப் பெயின்ற் பளபளத்தது, விலையும் மலிவு. இரண்டு மாதத்துக்குள் ரயர்கள் தேய்ந்தன. அந்த அளவு ரயர் கிராமத்துக் கடை எதிலும் இல்லை. ஒரு தாய் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டே எம்மிடம் வந்து, “இதை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது?” என்று கேட்டார். எம்மிடம் பதில் இருக்கவில்லை. அன்று தொடங்கிக் கற்றவற்றையே இங்கு தருகிறோம்.

முதலில் கணக்கு

கோபுரம் கட்டப் போகிறவன் முன்கூட்டியே செலவைப் பார்க்க வேண்டும் என்ற ஆண்டவரின் உவமை சைக்கிளுக்கும் பொருந்தும். கேட்கும் விலையோடு உடனே மாற்றவேண்டிய பாகங்களின் விலையையும் கூட்டுங்கள். அந்தத் தொகை புதிய சைக்கிளின் விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் அதை விட்டுவிடுவதே நல்லது. தொகையை நாட்கூலியாக மாற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்: இந்தச் சைக்கிளுக்காக எத்தனை நாள் உழைக்க வேண்டும்?

வளவின் மூலையில் நல்ல பிறேம் ஒன்று கிடந்தாலோ, உறவினர் ஒருவர் தந்தாலோ, பாகம் சேர்த்துப் பூட்டுவது இலாபம். எல்லாவற்றையும் கடையில் ஒவ்வொன்றாக வாங்கிப் பூட்டினால் பெரும்பாலும் புதிய சைக்கிளின் விலையை நெருங்கிவிடும்.

பிறேமுக்கு நூல் பிடித்துப் பாருங்கள்

மற்றப் பாகங்களை மாற்றலாம். பிறேம் வளைந்தால் சைக்கிள் முழுவதும் பழுது. ஒரு நூலின் முனையைப் பின்சில்லு பூட்டும் இடத்தின் ஒரு பக்கத்தில் கட்டுங்கள். ஹாண்டில் பூட்டும் முன் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கத்தில் இழுத்துக் கட்டுங்கள். சீற் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளவுங்கள். இரண்டும் ஒன்றாயிருந்தால் பிறேம் நேர். மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேண்டாம்.

முன் குழாயுடன் கீழ்க்குழாய் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சுருக்கமோ வெடிப்போ இருந்தால் அது எங்கோ மோதிய சைக்கிள். பெடல் அச்சு இருக்கும் இடத்தையும் பாருங்கள். மழைத்தண்ணீர் அங்கேதான் தேங்கும். கடற்கரைப் பகுதிகளில் உப்புக்காற்றும் சேர்ந்து குழாயை உள்ளுக்குள் தின்றுவிடும். புதுப் பெயின்ற் இந்தக் குறைகளை மறைக்கும்.

சில்லும் ரயரும்

சில்லைச் சுழற்றிவிட்டு, றிம்முக்கு அருகே ஒரு தீக்குச்சியை அசையாமல் பிடியுங்கள். சில்லு ஆடினால் உடனே தெரியும். சிறிய ஆட்டத்தைக் கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் சரிசெய்யலாம். றிம்மே நெளிந்திருந்தால் முடியாது. கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்துங்கள். சில தளர்ந்தும் சில விறைத்தும் இருந்தால் சுமை ஏற்றும்போது அறுந்து போகும்.

நாம் ஏமாந்த இடம் ரயர் அளவு. 26 அங்குலம் என்று சொல்லப்படும் ரயர்கள் எல்லாம் ஒன்றல்ல. 26 x 1⅜ ரயர் 26 x 1.95 றிம்முக்குப் பொருந்தாது. ரயரின் பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள். பெரிய 28 x 1½ சைக்கிளுக்கு 635, 26 x 1⅜க்கு 590, தடித்த ரயர் போடும் 26 x 1.95க்கு 559. உங்கள் ஊர்க் கடையில் எது எப்போதும் கிடைக்கும் என்று கேட்டறிந்த பிறகே சைக்கிளைத் தெரிவுசெய்யுங்கள்.

பிறேக்

பாகம் சேர்த்துப் பூட்டுவோர் அதிகம் பிழைவிடுவது இதில்தான். பழைய பெரிய சைக்கிள்களில் பிறேக் கட்டைகள் இரும்புக் கோல்களால் மேலே இழுபட்டு, றிம்மின் உட்பக்கத்தை அழுத்தும். வயர் பிறேக்கில் கட்டைகள் றிம்மின் இரு பக்கங்களையும் கவ்வும். ஒன்றுக்குச் செய்த றிம்மில் மற்றதைப் பூட்டினால் சரியாகப் பிடிக்காது. 50 கிலோ உர மூட்டையோடு மதகு இறக்கத்தில் இறங்கும்போது பிறேக் பிடிக்காவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முன், பின் இரண்டு பிறேக்கும் வேலை செய்யாத சைக்கிளில் சுமை ஏற்றவே கூடாது.

செயின், போல்ஸ், பெடல்

செயினை இறுக்கமாக வைத்து அடிமட்டத்தால் அளவுங்கள். ஓர் ஆணியின் நடுவில் தொடங்கினால் 12 அங்குலம் இன்னோர் ஆணியின் நடுவில் சரியாக முடிய வேண்டும். அந்த ஆணி எட்டில் ஓர் அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது. தேய்ந்த பற்களுக்குப் புதுச் செயின் போட்டால் வழுக்கும், ஆகையால் பிறீவீலையும் பார்த்தே செலவைக் கணக்கிடுங்கள்.

பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் கப்பும் கோனும் போல்ஸும் பார்க்கப்பட வேண்டும். போல்ஸ் மாற்றும்போது எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் புதியதே எல்லாப் பாரத்தையும் தாங்கிக் கப்பைக் கெடுக்கும்.

இடப்பக்கப் பெடலின் புரி எதிர்ப்புரி. கழற்றும்போது மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமாகத் திருப்ப வேண்டும். இது தெரியாமல் பலம் போட்டுத் தண்டின் புரியை அழித்தவர்கள் பலர்.

சுமைக்கு ஏற்ற பல்

முன் பற்சில்லில் 44 பல்லும் பின் பிறீவீலில் 18 பல்லும் இருந்தால், பெடலை ஒரு தரம் சுற்ற 28 அங்குலச் சைக்கிள் ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் ஓடும். பின்னால் 22 பல் போட்டால் நாலரை மீற்றர்தான் ஓடும். வேகம் குறையும், ஆனால் எதிர்க்காற்றிலும் மணல் ஒழுங்கையிலும் மிதிப்பது சுலபம். சந்தைக்கு மரக்கறி கொண்டுபோவோருக்கு இந்தச் சிறிய மாற்றம் முழங்காலைக் காக்கும். கரியரின் தாங்கு கம்பிகள் பின் அச்சில் உறுதியாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். மூட்டையை உயரத்தில் அடுக்காமல் தாழ்வாகக் கட்டுங்கள்.

பெண்கள் ஓடுவதற்கு

குடும்பப் பொறுப்பைத் தனியே சுமக்கும் தாய்மார் எம்மிடையே பலர். சேலையோடோ பாவாடையோடோ ஏறி இறங்க, மேல் பார் இல்லாத சைக்கிளே வசதி. ஆனால் அந்தப் பார் இல்லாததால் பாரமான சுமையில் பிறேம் சற்று நெளியும். சுமையை இரண்டு தடவையாகக் கொண்டுபோவது நல்லது. பின்சில்லுக்கு வலை அல்லது காப்புத் தகடு கட்டாயம் போடுங்கள். சீற்றில் இருந்து குதிக்காலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே நிற்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதுவே சரியான உயரம். பழகும்வரை சற்றுத் தாழ்த்தி வைக்கலாம்.

பூட்டும் ஒழுங்கு

பிறேமை நூல் பிடித்துப் பார்த்த பின் முன் போர்க், பெடல் அச்சு, சில்லுகள், செயின், பிறேக், கடைசியாகச் சீற்றும் கரியரும் என்ற ஒழுங்கில் பூட்டுங்கள். போல்ஸ் உள்ள இடமெல்லாம் கிறீஸ் வைக்க வேண்டும். முதல் நாள் சுமையில்லாமல் ஓடுங்கள். ஒரு கிழமை கழித்து எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள். புதிதாக இறுக்கிய கம்பிகள் அந்த ஒரு கிழமைக்குள் சற்றுத் தளர்ந்திருக்கும்.

பற்றுச்சீட்டு

பழைய சைக்கிளோ பழைய பிறேமோ வாங்கும்போது விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம், திகதி, பிறேம் இலக்கம் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். பிறேம் இலக்கம் பெரும்பாலும் பெடல் அச்சுக்குக் கீழ் அல்லது சீற் குழாயில் அடிக்கப்பட்டிருக்கும். அது அராவி அழிக்கப்பட்டிருந்தால் வாங்க வேண்டாம். களவுபோன சைக்கிள் உங்கள் கையில் பிடிபட்டால் பணமும் போகும், மானமும் போகும்.

சேர்ந்து செய்வோம்

ஒவ்வொரு வீட்டிலும் ஆயுதப் பெட்டி வைத்திருக்க முடியாது. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம் அல்லது கோயில் வளவில் ஒரு பம், சாவிகள், ரயர் கழற்றும் நெம்புகள், ஒட்டுப் பெட்டி, கம்பி இறுக்கும் சாவி ஆகியவற்றை வைத்து, ஒருவரைப் பொறுப்பாக நியமிக்கலாம். ஓர் இளைஞரும் ஒரு யுவதியும் ஒட்டுப்போடவும் கம்பி இறுக்கவும் பழகினால் ஊருக்கே உதவி. கிழமைத் தவணைக் கடனில் சைக்கிள் வாங்குவதை விட, பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் பிடித்து முறை வைத்து வாங்குவது நிம்மதி. அதிக தூரம் நடப்பவருக்கு முதற் சீட்டைக் கொடுங்கள்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களில் சில இன்னமும் தம் காணிக்குத் திரும்பவில்லை. அது எப்போது முடியும் என்பது எம் கையில் இல்லை. அதுவரை பிறர் காணியில் உழைத்து மாலையில் பிள்ளைகளிடம் நேரத்தோடு வந்து சேர ஒரு நல்ல சைக்கிள் உதவும். அடுத்த முறை வாங்கப் போகும்போது மறவாமல் ஒரு நூலும் அடிமட்டமும் கொண்டு போங்கள்.