கடற்பாசிப் பொட்டலத்தில் அந்தச் சின்னப் பை எதற்கு?

கொரியக் கடற்பாசிச் சிற்றுண்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் சில மெல்லிய தாள்கள், கூடவே ஒரு சின்னப் பை. நாலு வாய்த் தீனிக்கு இத்தனை உறையா என்று எரிச்சல் வரும். நியாயம்தான். ஆனால் இங்கே சண்டையெல்லாம் ஈரத்தோடு.

கொரியர் ‘கிம்’ என்றும் ஜப்பானியர் ‘நோரி’ என்றும் சொல்லும் பாசியைப் பொடியாக நறுக்கி, தண்ணீரில் கலக்கி, காகிதம் செய்வது போலவே சட்டத்தில் வார்த்துக் காயவைக்கிறார்கள். எண்ணெயும் உப்பும் சேர்த்து வாட்டினால் மொறுமொறுப்பு வந்துவிடும். காற்றுப் பட்டால் அதே வேகத்தில் நமுத்தும் போகும். தாள் நொறுங்காதிருக்கத் தட்டு. ஈரமும் வெளிச்சமும் புகுந்து எண்ணெய் சிக்கு வாடை அடிக்காதிருக்க அலுமினியப் பூச்சு உறை.

அந்தப் பையில் இருப்பது பெரும்பாலும் சிலிகா ஜெல். சிலவற்றில் சுட்ட சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் பட்டதும் அது எப்படிக் கொதிக்கும் என்று. ஆகவே பையைக் கிழிக்காதீர்கள், நனைக்காதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

சோறும் சேர்ந்தால் சிக்கல் இன்னும் பெரிது. சோற்றின் ஈரமே பாசியைத் துவள வைக்கும். ஜப்பானில் ஓனிகிரி என்னும் சோற்று உருண்டைக்கு 1978இல் செவன் இலெவன் கடைகள் ஒரு வழி கண்டன: சோற்றுக்கும் பாசிக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம். சாப்பிடும்போது அதை உருவினால் போதும். பொட்டலக் கலையில் இதை மிஞ்ச ஆளில்லை என்பேன்.

சோற்றைப் பாசியில் சுருட்டும் கொரியாவின் கிம்பாப் நேர்மாறு. பாசி சோற்றோடு ஒட்டி இளகவேண்டும். மேலே நல்லெண்ணெய் தடவுவார்கள். ஜப்பானியர் ஆட்சியில் (1910–1945) நோரிமாகி சுருளிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. சோற்றைப் பாசியில் மடித்து உண்பது கொரியரின் பழைய வழக்கம் என்பது மறு கட்சி. சுருட்டும் வடிவம் ஜப்பானுடையது, பாசியும் சோறும் சேர்ந்த ருசி கொரியருக்கு முன்பே தெரிந்தது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தோங்யோங் துறைமுகத்தின் சுங்மு கிம்பாப்பில் உள்ளே வெறும் சோறுதான். படகில் கெட்டுப்போகாதிருக்க, கணவாயையும் முள்ளங்கிக் கிம்சி ஊறுகாயையும் தனியே வைத்ததாகச் சொல்கிறார்கள்.

நமுத்த தாளை எறியவேண்டாம். காய்ந்த தோசைக்கல்லில் சில நொடி வாட்டுங்கள். கிம்பாப்பை மட்டும் செய்த அன்றே தின்றுவிடுங்கள், குளிர்பெட்டியில் சோறு விறைத்துவிடும்.