இதயத்தைக் காக்கும் மருந்தில் மறைந்திருக்கும் அபாயம்

புதுதில்லி: செயலிழந்துவரும் இதயத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்துகளே, உரிய ரத்தப் பரிசோதனை இல்லாவிடில் நோயாளியின் உயிருக்கு உலை வைக்கக்கூடும். கேரளத்தின் விழிஞ்ஞம் போன்ற கடலோர ஊர்களில் அன்றாடம் அருந்தும் இளநீரும் இதில் கவனிக்க வேண்டிய ஒன்றாகும்.

விழிஞ்ஞம் அமைந்துள்ள திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2013-ல் 18 மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்புக்காகச் சேர்க்கப்பட்ட 1,205 பேரின் விவரங்களை ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தினர் பதிவு செய்தனர். அவர்களின் சராசரி வயது 61. ஐந்தாண்டுகளுக்குள் 59 சதவீதம் பேர் இறந்துவிட்டனர். எனவே மருந்தைத் தவிர்ப்பது இதற்குத் தீர்வாகாது.

நோய் முற்றியவர்களுக்குச் சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் செல்லும் ரத்தம் குறைகிறது. இதனால் மருந்து எளிதில் வெளியேறாமல் உடலில் தேங்குகிறது. டிகாக்ஸின் தேங்கினால் பசியின்மை, வாந்தி, பார்வையில் மஞ்சள் நிறம், இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை ஆகியவை ஏற்படலாம். சிறுநீர் பெருக்கும் மாத்திரை உட்கொள்வோர் வெயிலில் வியர்த்து நீரிழந்தால் இந்த ஆபத்து அதிகரிக்கும்.

ஸ்பைரனோலாக்டோன், எனலாப்ரில் போன்ற மருந்துகள் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை. இளநீரில் பொட்டாசியம் மிகுதி. மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் மாத்திரைகளும் சிறுநீரகத்தைப் பாதித்து நிலைமையை மோசமாக்கும். பொட்டாசியம் அளவு மீறினால் முன்னறிவிப்பின்றி இதயம் நின்றுவிடலாம்.

இதற்குக் கனடாவின் அனுபவம் சான்று. ஸ்பைரனோலாக்டோன் உயிரிழப்பைக் குறைப்பதாக 1999-ல் ஆய்வு வெளியானதும் ஒண்டாரியோ மாகாணத்தில் அதன் பயன்பாடு பெருகியது. கூடவே, இதயச் செயலிழப்பு நோயாளிகள் பொட்டாசியம் மிகுதியால் மருத்துவமனையில் சேர்வது 1994-ல் ஆயிரத்துக்கு 2.4 ஆக இருந்து, 2001-ல் 11 ஆக உயர்ந்தது. மருந்து பரவிய அளவுக்குக் கண்காணிப்பு பரவவில்லை.

மருந்து தொடங்கியபோதும், அளவை மாற்றியபோதும், வயிற்றுப்போக்கு ஏற்பட்டபோதும் பொட்டாசியம், கிரியாட்டினின் பரிசோதனை அவசியம். இளநீர் குறித்து மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். பக்கவிளைவுக்கு அஞ்சித் தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்தானது.

2010-ல் தொடங்கிய தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம், 2011 முதல் தில்லியை அடுத்த காசியாபாதிலுள்ள இந்திய மருந்துத் தர நூல் ஆணையத்தால் நடத்தப்படுகிறது. மருத்துவர்கள் மட்டுமன்றி நோயாளிகளும் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பக்கவிளைவுகளைத் தெரிவிக்கலாம். கடலோரச் சிற்றூர்களிலிருந்தும் இத்தகவல்கள் வந்தால்தான் பாதிப்பின் உண்மையான அளவு தலைநகருக்குத் தெரியவரும்.