நெருப்புநரியும் குரோம்பேட்டையும்

கணினியோடு கால் நூற்றாண்டு – 17

சென்ற வாரம் மின்னஞ்சலோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்த சேலையூர் நண்பர் ஒருவர் காலை நடையில் வழிமறித்தார். "அதெல்லாம் சரி சார், எந்த பிரவுசர் போடலாம், அதைச் சொல்லுங்க. பையன் பிரேவ்ங்கிறான். மருமக பயர்பாக்ஸ்ங்கிறா. வாட்ஸ்அப்ல பார்த்தா உலா போடுங்க, நம்ம ஊர்ச் சரக்குன்னு வருது. எனக்குப் பென்ஷன் பக்கம் திறந்தாப் போதும்."

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதிலா அது? எனக்கு மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் நினைவுக்கு வந்தது.

2006-ன் கடைசி. பிளைவுட் தடுப்பு வைத்த எட்டு கேபின்கள், மணிக்கு இருபது ரூபாய். தமிழ் வலைப்பூக்கள் பூத்துக் குலுங்கிய காலம் அது. தமிழ்மணம் திரட்டியைத் திறந்தால் புதிதாக எழுத வந்தவர்கள் வரிசைகட்டி நிற்பார்கள். நெருப்புநரி என்று நாங்கள் செல்லமாகக் கூப்பிட்ட பயர்பாக்ஸின் இரண்டாம் பதிப்பு அப்போதுதான் வந்திருந்தது. கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு கணினியில் நிறுவிக்கொண்டேன். கட்டற்ற மென்பொருள், யார் வேண்டுமானாலும் மூலநிரலைப் பார்க்கலாம், திருத்தலாம் என்று அவரிடம் பிரசங்கம் வேறு.

ஒரு வலைப்பூவைத் திறந்தேன். 'கொக்கு' என்ற சொல் குதறப்பட்டுக் கிடந்தது. 'க'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் ஓடிவிட்டது. அதைச் சுற்றி ஒரு புள்ளி வட்டம். மெய்யெழுத்தின் தலையில் உட்கார வேண்டிய புள்ளி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அதே பக்கம் பக்கத்து கேபினில், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில், அச்சடித்த மாதிரி தெரிகிறது. "உங்க நரி தமிழைக் கடிச்சுத் துப்பிடுச்சே சார்" என்றார் கடைக்காரர்.

காரணம் பிடிபடச் சில வாரம் ஆயிற்று. இரண்டு பக்கமும் ஓரம் சமமாக வரும்படி பத்தியை இழுத்துக் கட்டியிருந்தார் அந்த வலைப்பதிவர். பத்திரிகையில் பழகிய கண்ணுக்கு அது அழகு. எழுத்துகளுக்கு இடைவெளி கொடுக்கும்போது, உயிர்க்குறியையும் மெய்யையும் ஒரே எழுத்தாகப் பார்க்கத் தெரியாத உலாவி, இரண்டையும் பிய்த்துப் போட்டது. "தயவுசெய்து ஜஸ்டிஃபை செய்யாதீர்கள், நெருப்புநரியில் படிக்க முடியவில்லை" என்று பின்னூட்டம் போடுவது அந்தக் காலத்தில் ஒரு சமூக சேவை. விண்டோஸ் எக்ஸ்பியில் மொழி அமைப்புக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் போட்டாலும் சரியாகும். ஆனால் டிக் போட்டவுடன் அது ஒரிஜினல் சிடியைக் கேட்கும். அந்தக் கடையில் ஒரிஜினல் சிடி ஏது!

இன்னொரு தலைவலி எழுத்துரு. தமிழ் நாளிதழ்கள் ஆளுக்கொரு குறியாக்கம் வைத்திருந்தன. எக்ஸ்ப்ளோரருக்கென்றே செய்த எழுத்துருவைத் தளத்தோடு அனுப்புவார்கள். நெருப்புநரியில் அது வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். அதற்கு மருந்தாக 'பத்மா' என்றொரு நீட்சி வந்தது. பக்கத்தைத் திறந்ததும் கிறுக்கலை யூனிகோடாக மாற்றித் தரும். தமிழா! குழு செய்த 'தமிழ்விசை' நீட்சியோ உலாவிக்குள்ளேயே தமிழில் தட்டச்சு செய்ய வழி கொடுத்தது. திறமூலம் என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது தத்துவம் அல்ல, இந்த இரண்டும்தான். உலாவியைச் செய்தவர்கள் அமெரிக்காவில் தூங்கிக்கொண்டிருந்தபோது நம்மவர்கள் ஓட்டையை அடைத்தார்கள்.

2008 ஜூன் 17 அன்று பயர்பாக்ஸ் மூன்று வந்தது. ஒரே நாளில் 80,02,530 முறை இறக்கிக் கின்னஸ் சாதனை ஆக்கினார்கள். அதில் ஒன்று என்னுடையது. சாதனையில் எனக்கு அக்கறையில்லை. இறக்கி முடித்ததும் அந்தக் கொக்கைத் திறந்து பார்த்தேன். கொம்பு இடத்துக்கு வந்திருந்தது.

அந்த வருஷம் செப்டம்பரில் கூகுள் தன் உலாவியை வெளியிட்டது. பெயர் குரோம். தாம்பரத்து மின்சார ரயிலில் தினமும் போய் வருகிறவனுக்கு அந்தப் பெயர் கேட்டவுடன் சிரிப்பு வராமல் இருக்குமா? நம் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்தது குரோம் லெதர் கம்பெனியால். ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிடுவது பழைய வழி. குரோமிய உப்பில் ஊறவைத்துப் பதனிடுவது புது வழி. புது வழியில் இறங்கிய ஆலையின் பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது. கணினிக்காரர்கள் பேச்சில் 'குரோம்' வேறு. ஜன்னலைச் சுற்றி இருக்கும் சட்டம், பொத்தான்கள், முகவரிப் பட்டை, இந்த மேல்பூச்சுக்குத்தான் அந்தப் பெயர். நம் பாஷையில் சொன்னால் முலாம்.

நண்பருக்கு நான் முதலில் சொல்ல நினைத்தது இதைத்தான். நாம் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் முலாமை. உள்ளே ஓடி, பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் எந்திரத்தை அல்ல.

எந்திரத்தின் வம்சாவளி சுவாரசியமானது. கேடிஇ என்ற லினக்ஸ் திரைமுகப்பைச் செய்த தன்னார்வலர்கள் 1998-ல் கேஎச்டிஎம்எல் என்றொரு எந்திரத்தைத் தொடங்கினார்கள். ஆப்பிள் அதை 2001-ல் எடுத்து வெப்கிட் ஆக்கியது. கூகுள் வெப்கிட்டில் குரோமைக் கட்டி, 2013-ல் தனிக்குடித்தனம் போய் பிளிங்க் என்று பெயர் வைத்தது. அந்த பிளிங்க் உள்ளடங்கிய திறமூலத் தொகுப்புதான் குரோமியம். இன்று எட்ஜ், பிரேவ், ஓபெரா, விவால்டி எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. எக்ஸ்ப்ளோரரை வைத்து உலகத்தையே ஆட்டிய மைக்ரோசாப்ட், 2020 ஜனவரியில் எட்ஜைக் குரோமியத்துக்கு மாற்றியது. தனி எந்திரம் வைத்துக்கொண்டு ஓரளவு பேர் பயன்படுத்துவது என்று பார்த்தால் ஆப்பிளின் வெப்கிட்டும் நெருப்புநரியின் கெக்கோவும்தான் மிச்சம். நம் ஊர் ஐபோனில் நீங்கள் எந்த உலாவியை நிறுவினாலும் உள்ளே வெப்கிட்தான்.

பெயர் வேறு, உள்ளே வேறு என்பதற்கு இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. உலாவி ஒரு தளத்தின் கதவைத் தட்டும்போது 'நான் இன்னார்' என்று ஒரு வரி சொல்லும். குரோம் சொல்லும் வரி 'மொசில்லா/5.0' என்று ஆரம்பிக்கும். நடுவே 'கேஎச்டிஎம்எல், கெக்கோ மாதிரி' என்று வரும். கடைசியில் ஆப்பிளின் சஃபாரி என்றும் சொல்லிக்கொள்ளும். ஒவ்வொரு காலத்திலும் செல்வாக்கான உலாவியின் பெயரைச் சொன்னால்தான் தளங்கள் நல்ல பக்கத்தைக் கொடுத்தன. அதனால் பின்னால் வந்தவர்கள் முன்னோர் பெயரையெல்லாம் கோத்திரம் போல ஒப்பிக்க வேண்டியதாயிற்று.

அந்த வரியை வைத்து நானும் ஒருமுறை பிழைத்திருக்கிறேன். ஒரு கட்டணம் கட்டும் தளம், பெயர் வேண்டாம், பயர்பாக்ஸில் போனால் "இந்த உலாவி ஏற்கப்படாது, குரோம் பயன்படுத்தவும்" என்று விரட்டியது. கடைசி நாள். பயர்பாக்ஸிலேயே ஒரு நீட்சி போட்டு அந்த அடையாள வரியை மட்டும் குரோம் போல மாற்றினேன். பக்கம் திறந்தது, பணம் போனது, ரசீதும் வந்தது. எந்தக் கோளாறும் இல்லை. வாசலில் நின்ற காவலாளிதான் கோளாறு. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதேபோல ஒரு விண்ணப்பத் தளம் "எக்ஸ்ப்ளோரர் 6-க்கு மேல்" என்று கேட்டது. 2022 ஜூன் 15-ல் எக்ஸ்ப்ளோரருக்கே மைக்ரோசாப்ட் ஓய்வு கொடுத்துவிட்டது. ஆனால் பதவி காலியாகவில்லை.

குரோம்பேட்டைக்குத் திரும்புவோம். எம்.ஐ.டி. வளாகத்தில் ஏ.யு-கே.பி.சி. ஆய்வு மையம் இருக்கிறது. மத்திய அரசின் உதவியோடு அங்கேதான் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005 வாக்கில் ஆரம்பித்தது. கணினி ஆய்வு அமைப்பான சென்னை சி-டாக் கூட்டாளி. பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் அந்தக் காலத்தில் சி-டாக்கில் பிறந்தது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோஸ், பாஸ் இரண்டும் இருந்தன. எங்கள் தெருப் பிள்ளைகளில் பலர் பாஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விளையாட்டு எதில் ஓடுகிறதோ அங்கேதான் பிள்ளைகள் போவார்கள்.

பாஸுக்கு அடிப்படை டெபியன் என்ற லினக்ஸ் வகை. அந்த டெபியனில் அன்று நெருப்புநரி கிடையாது! நிரல் அதுதான், பெயர் 'ஐஸ்வீசல்'. திருத்தங்களுக்குத் தங்கள் ஒப்புதல் இல்லாவிட்டால் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தக் கூடாது என்றது நெருப்புநரியைச் செய்யும் மொசில்லா. டெபியன்காரர்களோ கொள்கைப் பிடிவாதக்காரர்கள். 2006-ல் நெருப்பு பனியாயிற்று, நரி மரநாயாயிற்று. பத்து வருஷம் கழித்து, 2016-ல்தான் சமாதானம். நிரல் பொதுச்சொத்து, பெயர் தனிச்சொத்து என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இனி நண்பர் சொன்ன உலா. குரோம்பேட்டை வழியாகப் போகும் அதே தண்டவாளத்தில் தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் தாண்டினால் கூடுவாஞ்சேரி. அங்கே வல்லாஞ்சேரி பக்கம் சோஹோ மென்பொருள் நிறுவனத்தின் வளாகம். 2023 மே மாதம் அவர்கள் வெளியிட்ட உலாவிதான் உலா. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய மின்னணுவியல் அமைச்சகம் இந்திய உலாவிக்கென ஒரு போட்டி அறிவித்தது. 2025 மார்ச்சில் முடிவு வந்தது. முதல் பரிசு ஒரு கோடி ரூபாய் சோஹோவுக்கு.

அரசாங்கத்துக்கு எதற்கு உலாவி? கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து மாதிரி ஒரு விவகாரம். நீங்கள் திறக்கும் தளம் அசல்தான் என்று சான்றிதழ் தர உலகெங்கும் சில அமைப்புகள் உண்டு. யார் கையெழுத்து செல்லும் என்ற பட்டியல் உலாவியிடம் அல்லது இயங்குதளத்திடம் இருக்கும். 2014 ஜூலையில், இந்திய அரசின் தேசியத் தகவல் மையத்துச் சான்றிதழ்ப் பிரிவிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்ததைக் கூகுள் கண்டுபிடித்தது. நம் அரசின் மூலக் கையெழுத்து மைக்ரோசாப்டின் பட்டியலில் இருந்ததால் விண்டோஸில் ஓடிய குரோமுக்கும் எக்ஸ்ப்ளோரருக்கும் சிக்கல். தன் சொந்தப் பட்டியலை வைத்திருந்த நெருப்புநரியில் அந்தக் கையெழுத்தே இல்லை, அதனால் தப்பித்தது. அதன்பின் குரோம் நம் கையெழுத்தைச் சில முகவரிகளோடு நிறுத்திவிட்டது. நம் கையெழுத்தை ஏற்கும் உலாவி ஒன்று வேண்டும் என்பது போட்டியின் முக்கிய நிபந்தனை. கோபம் நியாயம்தான். ஆனால் பட்டியலில் இடம்போன காரணத்தையும் மறந்துவிடக் கூடாது.

உலாவின் அடித்தளம் குரோமியம். அதன் மேல் கட்டிய மாடியின் சாவி சோஹோவிடம். வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று தனித்தனி முறைகள், விளம்பரத் தடுப்பு, பின்தொடர்வோரைத் தடுத்தல் எல்லாம் உண்டு. நான் சில மாதம் பயன்படுத்தினேன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. பெயர்தான் என்னை யோசிக்க வைத்தது. ஒட்டக்கூத்தரின் மூவருலா தெரியும்தானே? சோழன் வீதியில் உலா வருவான், பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்தாரும் அவனைப் பார்ப்பார்கள். உலா என்றால் ஊரைப் பார்க்கப் போவது அல்ல, ஊர் நம்மைப் பார்ப்பது. இணையத்தில் நடப்பதும் அதுதான். நாம் மாட்டுத்தீவனம் ஒன்றைத் தேடினால் பின்னாலேயே ஏழு விளம்பரக் கம்பெனிகள் ஜன்னல் திறந்து பார்க்கின்றன. கூத்தர் பாட்டில் பார்த்தவர்கள் காதலாவது கொண்டார்கள்.

பின்தொடர்வோரைத் தடுக்கிறேன் என்று சொல்பவர்களையும் முழுசாக நம்ப வழியில்லை. முகவரிப் பட்டையில் சில தளப் பெயர்களைத் தட்டினால் தனக்குக் கமிஷன் வரும் இணைப்பாக மாற்றியதாக பிரேவ் 2020-ல் மாட்டிக்கொண்டு, தவறை ஒப்புக்கொண்டது. 2025 பிப்ரவரியில் மொசில்லா, 'உங்கள் தரவை விற்கவே மாட்டோம்' என்ற பழைய வாக்கைத் தன் பக்கத்திலிருந்து எடுத்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் விதிகளைத் திருத்தி எழுதியது. அதன் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தேடலை முன்னிருப்பாக வைப்பதற்குக் கூகுள் கொடுப்பது. போட்டியாளர் போடும் சோற்றில் வளரும் நரி அது, என்றாலும் என் கணினியில் இன்றும் இருப்பது அதுதான். தனி எந்திரம் ஒன்றாவது பிழைத்திருக்கட்டும் என்ற ஆசை.

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன். பாதியில் அவர் கவனம் வடைக்குப் போய்விட்டது. "சரி, ஒரு பட்டா நகல் எடுக்கணும், வாங்க" என்று ஜெராக்ஸ் கடைக்குக் கூட்டிப்போனார்.

கடை நடத்தும் அம்மாவை எனக்குத் தெரியும். படிவங்கள் இறக்கித் தரும் சில தனியார் தளங்களில் நாலு 'டவுன்லோட்' பொத்தான் இருக்கும், மூன்று பொய். தவறாக அமுக்கி ஒரு தடவை கணினியே படுத்துவிட்டது. அப்போது யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியைக் குரோமில் போட்டுக் கொடுத்திருந்தேன். "அந்தச் சிவப்புக் கேடயம்" என்பார். நீட்சிகளுக்கான விதியைக் கூகுள் மாற்றியதில், 2025-க்குள் குரோமில் அந்தக் கேடயம் செயலிழந்தது. பயர்பாக்ஸுக்கு மாற்றிக்கொடுத்தேன். அதில் கைரேகைக் கருவி பேசவில்லை. இப்போது திரையின் கீழே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. படிவம் இறக்க நரி, ரேகை வைக்க குரோம்.

நண்பர் எட்டிப் பார்த்தார். "இதுல எதும்மா நல்லது?"

"எது தொறக்குதோ அது சார்." அம்மா சுட்டியை நகர்த்தினார். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. மூடிவிட்டு மற்றதில் திறந்தார். வந்துவிட்டது. "பட்டா ரெண்டு காப்பியா? கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா?"

(தொடரும்)