வலிக்குக் கதவடைக்கும் மின்கணத்தாக்கு

மாணவர்களே, வெள்ளவத்தை அழகு நிலையங்களில் நூலால் புருவம் திருத்துவதைப் பார்த்திருப்பீர்கள். மயிரைப் பிடுங்கியதும் அவ்விடத்தை விரலால் அழுத்துவார்கள். வலி சற்றுக் குறையும். முழங்கால் அடிபட்டால் நீங்களும் அவ்விடத்தைத் தேய்க்கிறீர்கள். தேய்ப்பதால் காயம் மாறுவதில்லை. அவ்வாறாயின் வலி குறைவது ஏன்? 'நரம்புத் தொகுதி' அலகில் கற்றவற்றைக் கொண்டு விடை காண்போம்.

1. நரம்பு நார்கள்

தோலிலிருந்து முண்ணாணுக்குச் செல்லும் நார்கள் ஒரே வகையானவை அல்ல.

(அ) தொடுகை, அழுத்தம்: தடித்த, மயலின் உறையுடைய ஏ-பீற்றா நார்கள். வேகம் செக்கனுக்கு 30 மீற்றரிலும் அதிகம்.
(ஆ) கூரிய வலி: மெல்லிய மயலின் உறையுடைய ஏ-டெல்ற்றா நார்கள்.
(இ) எரிவு, மந்த வலி: மயலின் உறையற்ற சீ நார்கள். வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1 மீற்றர்.

2. கதவுக் கொள்கை

1965இல் ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் ஆகியோர் இக்கொள்கையை வெளியிட்டனர். தடித்த நார்கள் தூண்டப்படும்போது முண்ணாணிலுள்ள தடுக்கும் நரம்புக்கலங்கள் செயற்படும். இதனால் மூளைக்குச் செல்லும் வலிச் செய்தி குறையும். அதாவது 'கதவு' ஓரளவு மூடப்படும்.

3. டென்ஸ் கருவி

தேய்க்கும் விரலின் வேலையை மின்னால் செய்யலாமா? 1967இல் வோல், சுவீற் ஆகியோர் முதலில் தம்மீதும் பின்னர் 8 நோயாளிகளிலும் இதனைச் சோதித்தனர். இன்று மின்கலத்தால் இயங்கும் சிறு கருவியின் மின்வாய்களைத் தோலில் ஒட்டி, செக்கனுக்கு ஏறத்தாழ 100 மின்கணத்தாக்குகள் அனுப்பப்படும். வலியின்றிச் 'சிறுசிறு' என்ற உணர்வு ஏற்படும். இதுவே தோலூடான மின் நரம்புத் தூண்டல், சுருக்கமாக டென்ஸ். லேசர், மயிர் அகற்றல் போன்ற சிகிச்சைகளில் மின்வாய்கள் சிகிச்சை இடத்துக்கு அருகே, காயமற்ற தோலில் ஒட்டப்படும்.

4. ஒரே மின், இரு விளைவு

1875இல் வைத்தியர் சார்ள்ஸ் மிச்செல், கண்ணை உறுத்தும் இமைமயிரை மின்பகுப்பால் அகற்றும் முறையை வெளியிட்டார். ஊசி கதோட்டாகும். இழையத்தின் உப்பு நீர் மின்பகுப்படைந்து சோடியம் ஐதரொட்சைட்டு தோன்றி, மயிரின் வேரை அழிக்கும். இது நேரோட்டம், வலி தரும். டென்ஸ் கருவியிலோ மின்னோட்டத்தின் திசை மாறிமாறி அமைவதால் காரம் சேர்வதில்லை.

5. எல்லைகள்

381 ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான மீளாய்வு, டென்ஸ் இயங்கும்போதும் முடிந்த உடனேயும் வலி குறைகிறது எனக் காட்டியது. எனினும் இது மயக்கமருந்து அன்று. வலியை முற்றாக நீக்காது.

வலி என்பது உடலின் எச்சரிக்கை என்பதையும் மறவாதீர்கள். லேசரின்போது தோல் கடுமையாகச் சுட்டால், பொறுத்துக்கொள்ளாமல் உடனே கூற வேண்டும். வலியை முழுமையாக மறைத்தால் எரிகாயமும் மறைந்துவிடும்.

இதய முடுக்கி பொருத்தியோர் வைத்திய ஆலோசனையின்றி இதனைப் பயன்படுத்தலாகாது. கழுத்தின் முன்புறத்தில் மின்வாய் வைத்தலாகாது. வீட்டு மின்னில் (230 வோற்று) எவ்விதப் பரிசோதனையும் செய்ய வேண்டாம். அது உயிரைப் பறிக்கும். ஐயமிருப்பின் களுபோவிலயிலுள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை போன்ற இடங்களில் வைத்தியரிடம் கேட்டறியுங்கள்.

மாதிரி வினா

அடிபட்ட இடத்தைத் தேய்க்கும்போது வலி குறைவது ஏன்? (4 புள்ளிகள்)

விடைக் குறிப்பு: தொடுகை வாங்கிகள் தூண்டப்படல் (1), தடித்த நார்களில் கணத்தாக்கம் கடத்தப்படல் (1), முண்ணாணின் தடுக்கும் நரம்புக்கலங்கள் செயற்படல் (1), மூளையை அடையும் வலிச் செய்தி குறைதல் (1).

கவனிக்க: 'காயம் ஆறுவதால்' என எழுதினால் புள்ளி கிடையாது.