கண்ணுக்குள் ஒரு பாவை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உயர்தர வகுப்பு வரை உயிரியலைத் தமிழிற் கற்றுக் கொழும்பு மருத்துவ பீடத்திற் புகும் மாணவரை முதலில் மலைக்க வைப்பவை உடற்கூற்றியலின் இலத்தீன் பெயர்களே. பொருளறியாது ஓசையை மட்டும் மனனஞ் செய்வதால் வரும் மலைப்பு அது. அவற்றுள் ஒன்றையேனும் அவிழ்த்துப் பார்ப்போமே!

விழியின் நடுவே கருவட்டமாய்த் தோன்றுவதை நாம் கண்மணி என்கிறோம். இலத்தீனில் அது ‘பூப்பில்லா’. ‘பூப்பா’ என்றால் சிறுமி. பொம்மை என்றும் பொருளுண்டு. அதன் குறுமை வடிவமே பூப்பில்லா, அதாவது சின்னஞ்சிறு பாவை. ஏன் இந்தப் பெயர்? வீட்டிலுள்ள ஒருவரின் கண்ணை அண்மையில் நின்று உற்று நோக்குங்கள். அங்கே உங்கள் உருவமே குட்டிப் பொம்மையாய் நிற்கும். விழியின் முன்புறத்துத் தெளிந்த படலம் குவிவாடி போல் உருவத்தைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. பின்னுள்ள கருமை அதனைத் துலக்குகிறது. கிரேக்கரின் ‘கோரே’, வடமொழியின் ‘கனீனிகா’ ஆகிய சொற்களும் சிறுமியையும் கண்மணியையும் ஒருங்கே குறிப்பன.

தமிழருக்கோ இது பழகிய செய்தி. பாவை என்ற சொல் பதுமைக்கும் பெண்ணுக்கும் கண்மணிக்கும் உரியது. திருக்குறளில் ‘காதற் சிறப்புரைத்தல்’ அதிகாரத்துக் காதலன், தன் காதலிக்கு இடம் போதவில்லையென்று கண்ணிலுள்ள பாவையையே வெளியேறச் சொல்கிறான்! யார் யாரிடம் கற்றனர் என்று வழக்காட வேண்டியதில்லை. பிறர் கண்ணை நோக்கிய எவருக்கும் தோன்றக்கூடியதே இது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கியவர். அவ்வழி வந்த நாம் பாவையைப் புலவர்களுக்கே விட்டுவிட்டது ஏனோ?

ஆங்கிலத்தில் மாணவனும் ‘பியூப்பில்’, கண்மணியும் ‘பியூப்பில்’. உரோமர் சட்டத்தில் தந்தையை இழந்து பாதுகாவலரின் கீழ் வளரும் பிள்ளைக்கு வழங்கிய பெயரே மாணவனுக்கு வந்தது. இரண்டுக்கும் வேர் ஒன்று.

உண்மையில் இந்தப் பாவை ஒரு துவாரமே. நல்ல வெளிச்சத்தில் ஏறக்குறைய 2 மில்லிமீற்றராகச் சுருங்கும். இருளில் 8 வரை விரியும். விபத்தில் நினைவிழந்தவரின் இமையை நீக்கி வைத்தியர் விளக்கொளியைப் பாய்ச்சுவது இதனைப் பார்க்கத்தான். இரு பாவைகளும் உடனே சுருங்க வேண்டும். ஒன்று மட்டும் விரிந்து அசையாது நின்றால், மண்டையோட்டினுள் இரத்தம் கசிந்து மூளையை அழுத்துகிறதோ என்று ஐயுற்று, தாமதமின்றித் தலையை ‘ஸ்கான்’ எடுக்க அனுப்புவார்.