காவலாளி வேலைக்கும் படிப்பு உண்டு!

கையில் ஒரு தடி, வாயில் ஒரு விசில். இவை இருந்தால் காவலாளி ஆகிவிடலாம் என்று நினைப்பவர்கள் பலர். அது அந்தக் காலம். இன்று அந்த வேலைக்கும் சட்டம் உண்டு. பயிற்சி உண்டு. சான்றிதழ் உண்டு.

புதுவையில் நகைக்கடை, வங்கி, ஆஸ்பத்திரி, ஓட்டல், தொழிற்பேட்டை, எங்கே போனாலும் வாசலில் ஒரு காவலாளி நிற்கிறார். பெரும்பாலும் அவரை அனுப்பி வைப்பது ஒரு தனியார் நிறுவனம். இந்த நிறுவனங்களுக்காக 2005-ம் ஆண்டு பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. லைசென்சு இல்லாமல் இந்தத் தொழிலை நடத்தினால் ஓர் ஆண்டு வரை ஜெயில், அல்லது 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

160 மணி நேரம்

மத்திய அரசு வகுத்த மாதிரி விதிப்படி, புதிதாகச் சேருகிறவர் 100 மணி நேரம் வகுப்பில் படிக்க வேண்டும். 60 மணி நேரம் நேரடிப் பயிற்சி பெற வேண்டும். இதற்குக் குறைந்தது 20 வேலை நாட்கள் ஆகும். ராணுவத்திலோ போலீசிலோ இருந்தவர்களுக்கு 40 மணி நேரப் படிப்பும் 16 மணி நேரப் பயிற்சியும் போதும்.

ஆண்கள் 160 சென்டி மீட்டர், பெண்கள் 150 சென்டி மீட்டர் உயரம் இருக்க வேண்டும். ஒரு கிலோ மீட்டர் தூரத்தை 6 நிமிடத்தில் ஓட வேண்டும். (வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் நம் தெருத் தாத்தாக்கள் கோபிக்க வேண்டாம்!)

முதல் உதவி, தீயணைப்பு, கூட்டத்தைச் சமாளிப்பது, வெடிகுண்டை அடையாளம் காண்பது எல்லாம் பாடத்தில் உண்டு. அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்தையும் எண்ணையும் படிக்கத் தெரிய வேண்டும். பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆனால் எழுத்து தெரியாமல் முடியாது.

பூட்டு எதற்கு?

திருடனைத் தடுக்கத்தானே பூட்டு? இல்லை. எந்தப் பூட்டையும் உடைக்கலாம். பூட்டு நமக்கு நேரம் வாங்கித் தருகிறது. அவன் உடைத்து முடிப்பதற்குள் யாராவது கவனிக்க வேண்டும். கவனித்தவர் சொல்லி, உதவி வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் பூட்டு இருந்தும் பயன் இல்லை.

புதுவைக் கோட்டையின் கதையே இதற்குச் சாட்சி. இன்று பாரதி பூங்கா இருக்கும் இடத்தில் அன்று பிரெஞ்சுக்காரர்களின் லூயி கோட்டை இருந்தது. 1760-ல் ஆங்கிலேயர் ஊரை நிலத்திலும் கடலிலும் வளைத்துக்கொண்டார்கள். மதில் பல மாதங்கள் தாங்கியது. உதவிக் கப்பல்தான் வரவில்லை. உள்ளே உணவு தீர்ந்தது. 1761 ஜனவரியில் தளபதி லாலி சரணடைந்தார். பிறகு ஆங்கிலேயர் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

பூட்டினால் ஆபத்தும் உண்டு. 1997-ல் டெல்லி உபஹார் தியேட்டரில் தீப்பிடித்து 59 பேர் மாண்டார்கள். வெளியே போகும் வழி அடைபட்டிருந்தது சாவைக் கூட்டியது. திருட்டுக்குப் பயந்து பின்கதவுக்குப் பூட்டுப் போடச் சொல்லும் முதலாளியிடம், "கூடாது ஐயா" என்று சொல்லத் தெரிந்தவர்தான் தேர்ந்த காவலாளி.

இந்தத் துறையில் மேல் பதவிக்குப் போக விரும்புவோருக்கு வெளிநாட்டுத் தேர்வுகளும் உண்டு. அமெரிக்காவில் 1955-ல் தொடங்கிய ஏசிஸ் என்ற சங்கம் ஒரு தேர்வு நடத்துகிறது. ஓர் இடத்துக்கு என்ன ஆபத்து என்று கணிப்பது, அதற்கேற்ற ஏற்பாட்டைத் திட்டமிடுவது, அதை நிறைவேற்றுவது ஆகிய மூன்றும்தான் அதில் கேள்வி.

அடிக்க உரிமை இல்லை

காவலாளி போலீஸ்காரர் அல்ல. கண் முன்னே ஜாமீனில் விட முடியாத பெரிய குற்றம் நடந்தால் பிடிக்கலாம். அந்த உரிமை நமக்கும் உண்டு. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டப்படி, பிடித்தவரை 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். கட்டிவைத்து அடித்தால், அடித்தவர்தான் குற்றவாளி.

வீட்டில் ஒருவர் இந்த வேலையில் சேருகிறாரா? நிறுவனத்துக்கு லைசென்சு உண்டா என்று முதலில் கேளுங்கள். பயிற்சிச் சான்றிதழையும், படம் ஒட்டிய அடையாள அட்டையையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்கும் உடையையும் பாருங்கள். புதுவைப் போலீசாரின் சிவப்புத் தொப்பி ஊர் அறிந்தது. போலீஸ் உடை போலத் தோன்றும் உடையைக் காவலாளி அணிந்தால் ஓர் ஆண்டு வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இந்தத் தண்டனை முதலாளிக்கு மட்டும் அல்ல, உடுத்தியவருக்கும்தான்.