ஒரு காசுதானே என்று விடலாமா?

கடையில் சாமான் வாங்கிய ரசீதை எடுத்துப் பாருங்கள். மொத்தத் தொகைக்குக் கீழே ஒரு காசோ இரண்டு காசோ கூட்டியோ குறைத்தோ போட்டிருக்கும். "கடைக்காரர் ஏமாற்றுகிறாரோ?" என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் ரொக்கமாகக் கட்டும் தொகை கிட்டிய ஐந்து காசுக்கு மாற்றப்படுகிறது. கடைசி இலக்கம் 1, 2 என்றால் 0 ஆகும். 3, 4, 6, 7 என்றால் 5. 8, 9 என்றால் 10.

கல்லாவிலுள்ள கணினிக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? கட்டளை எழுதப் பழகும் உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள். நான்கே வரிகள்தாம்:

வெள்ளியைக் காசாக்கு.
ஐந்தால் வகு.
அரையைக் கூட்டிப் பின்னத்தை வெட்டு.
ஐந்தால் பெருக்கு.

12 வெள்ளி 43 காசு என்றால் 1243. ஐந்தால் வகுக்க 248.6. அரை கூட்ட 249.1. பின்னத்தை வெட்ட 249. ஐந்தால் பெருக்க 1245, அதாவது 12 வெள்ளி 45 காசு. ஐந்துக்குப் பதில் பத்து என்று போட்டால் கிட்டிய பத்துக் காசு வரும்.

முதலில் காசாக்குவது ஏன்? 0.1 போன்ற தசமத்தைக் கணினி சரியாக அப்படியே வைத்துக்கொள்ளாது. மிகச் சிறிய பிசகு இருக்கும். முழு எண்ணில் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் எப்போது மாற்றுவது என்பதே முக்கியம். 1 வெள்ளி 98 காசுப் பொருள் மூன்று வாங்கினால் 5 வெள்ளி 94 காசு. கட்ட வேண்டியது 5 வெள்ளி 95 காசு. ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றினால் 6 வெள்ளி! ஆகவேதான் மொத்தத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்பது விதி.

நிறுவைக் கணக்கிலும் இதே கதைதான். ஒருவர் தினம் 18.8 கிலோ பால் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 26 நாளில் 488.8 கிலோ. தினமும் பின்னத்தை வெட்டி 18 என்றே எழுதினால் 468தான். 20.8 கிலோ காணோம்! ஒரு நாள் வேலைக்கும் மேல் அல்லவா?

ஆகவே, அன்றன்றைய நிறுவையைப் புள்ளியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மாதக் கடைசியில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கூட்டச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டோடு ஒத்து வராவிட்டால், "எந்த இடத்தில் வெட்டினீர்கள், ஐயா?" என்று கிராணியிடம் மரியாதையாகக் கேளுங்கள். சிறுதுளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டுமல்ல, இழப்புக்கும் பொருந்தும்.